முப்பத்தேழாம் வீடு

கண்ணை மூடி
அட்டவணையில் பென்சிலை வை என்றார்
ஃபாதர் ஞானாதிக்கம்.
வைத்தேன்.
பூம்பாறை வீட்டுப் பட்டியலில்
முப்பத்தேழு, எங்கள் வீடு.

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
மாற்றி எடுத்தால் அது ஆய்வு இல்லை, ஆசை.
நீ போகாதே, சலேத் ராணி போகட்டும்.
சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத்
திட்ட விலக்கத்துக்குத் திரும்பினார்.
செண்பகனூர் மூடுபனி
ஜன்னல் வழியே வந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அந்தக் கல்லூரியில்தான்
என் ஊருக்கு வேறு பெயர்கள் இருப்பது தெரிந்தது.
அம்மா பூண்டு உரிப்பது
ஊதியமில்லா உழைப்பு.
அப்பா ஆறு மாதம் இறங்கிப் போவது
பருவகால இடப்பெயர்வு.
திருப்பிச் சொன்னால்
மார்க் கிடைத்தது.

சனிக்கிழமை, மன்னவனூர் பஸ்.
எனக்கு மேலத் தெரு.
கீழே படிப்படியாய் இறங்கும் வயல்களுக்கு அப்பால்
எங்கள் வாசலில் அவளுடைய நீல ஸ்வெட்டர்.
விருந்தாளிக்கென்று பரண்மேல் கிடக்கும்
சிவப்பு நாற்காலியை அம்மா இறக்கியிருந்தாள்.
ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம் என்பது கணக்கு.
நான் மூன்று வீடு முடித்துவிட்டுப் பார்த்தேன்.
நாற்காலி காலியாக இருந்தது.
நீல ஸ்வெட்டர் தரையில், அம்மாவுக்குப் பக்கத்தில்.

திரும்பும் பஸ்ஸில்
அவள் விரல்களில் பூண்டு வாசனை.
என்ன சொன்னாங்க என்றேன்.
படிவத்தின் முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள்:
தாங்கள் தரும் தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும்.
பிறகு கொடைக்கானல் வரும்வரை
ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கணினியில் ஏற்றுவது என் முறை.
படிவங்களில் பெயர் இல்லை,
எண் மட்டும்தான்.
எனக்கு எண் போதும்.

மாத வருமானம்: கூட்டிச் சொல்லியிருந்தாள்.
கடன்: குறைத்துச் சொல்லியிருந்தாள்.
அதெல்லாம் எனக்குத் தெரிந்த பொய்கள்.
வினா பதினான்கு, பிறந்த குழந்தைகள்: 3.
வினா பதினைந்து, உயிருடன் இருப்பவர்கள்: 1.

ஒத்தப்புள்ள என்றுதான்
ஊர் என்னைக் கூப்பிடும்.

3 தட்டினேன்.
வலப்பக்க அம்புக்குறி.
1 தட்டினேன்.
அடுத்த கட்டம் கூரை வகை; தகரத்துக்குக் குறியீடு 2.
நான் முதலாவதா, நடுவா, கடைசியா?
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மாலை ஃபாதரிடம் போனேன்.
தன் வீட்டுப் படிவத்தை ஒருவன் பார்த்துவிட்டால் என்ன செய்ய?
கண்ணாடியைக் கழற்றினார்.
அந்தக் கட்டை உன்னிடம் கொடுத்தது என் தப்பு என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
தேநீர் கொடுத்தார், அதில் சர்க்கரை போட மறந்திருந்தார்.

அறிக்கை பக்கம் இருபத்திரண்டு:
வீட்டுக்குச் சராசரி 2.6 பிறப்புகள்.
அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஆறில்
ஏதோ ஓர் ஓரத்தில்
என்கூடப் பிறந்த இரண்டு பேர்.
அந்தப் பக்கத்துக்கு எனக்கு 'மிக நன்று'.

விடுமுறையில் வீட்டுக்குப் போனேன்.
முறத்தைச் சுற்றி நாங்கள் இரண்டு பேர்.
அந்தப் புள்ள நல்லா இருக்காளா என்றாள்.
இருக்கா.
"கேட்டுட்டுச் சும்மா இருந்தா பாரு, அதான் புடிச்சது.
இத்தன வருசத்துல
யாரு கேட்டா எங்கிட்ட."

என்ன கேட்டா என்று
கேட்க வாயெடுத்தேன்.
முதல் வரி குறுக்கே வந்தது.

"நீ எம்மகன்னு மட்டும் நான் சொல்லல அவகிட்ட.
சொன்னா ஒனக்கு மார்க்கக் குறைச்சிருவாங்களோன்னு."

அவளுக்குத் தெரியும்மா என்றேன்.
தெரியுமா என்றாள்,
ஒரு பல் கைநழுவி உருண்டது.

காற்று வந்து
முறத்தில் கிடந்த தோலை எல்லாம் அள்ளிப் போய்
பக்கத்து வீட்டு வாசலில் கொட்டியது,
முப்பத்தெட்டு,
எங்கள் பென்சில் தொடாத வீடு.